எலிஸ்பாட்: புள்ளிகளைக் கெடுக்கும் தவறுகள்

செல்கள் வளர்ந்த திரவத்தை எடுத்து எலிசா (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தின் அளவை அளக்கும் சோதனை) செய்தால் அதில் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா (நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம்) இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைச் சுரந்தவை ஆயிரம் செல்களா, பத்தே பத்து செல்களா என்பது தெரியாது. தடுப்பூசி ஆய்விலும் காசநோய் ஆய்விலும் பல நேரம் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு செல்லையும் நுண்ணிய அறையில் அடைத்துச் சுரப்பை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை வாங்கும் வசதி சிறிய ஆய்வகங்களுக்குக் கிடையாது. அவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, சுரந்த செல்களைப் புள்ளிகளாக எண்ணிக் காட்டும் எலிஸ்பாட்.

1983இல் ஸ்வீடனில் செர்கின்ஸ்கி குழுவும், ஆஸ்திரேலியாவில் செட்ஜ்விக், ஹோல்ட் இருவரும் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். பல குழிகள் கொண்ட பிளேட்டில், குழியின் அடியிலுள்ள சவ்வில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசி, அதன்மேல் உயிருள்ள செல்களை இட வேண்டும். செல் சுரக்கும் புரதம் திரவத்தில் கலந்து பரவுவதற்குள் செல்லின் அடியிலேயே பிடிபடும். பிறகு செல்களைக் கழுவிவிட்டு, இரண்டாவது ஆன்டிபாடி, நொதி, நிறமூட்டி என்று வரிசையாகச் சேர்த்தால், சுரந்த செல் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். லட்சம் செல்களில் ஒன்றிரண்டு மட்டும் சுரந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். காசநோய்த் தொற்றை அறிய ரத்தத்தில் செய்யும் டி-ஸ்பாட் பரிசோதனையின் அடிப்படையும் இதுதான்.

முறை எளிது என்பதாலேயே ஆரம்ப வேலைகளை அலட்சியமாகச் செய்கிறார்கள். ரத்தத்தை எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வைப்பது அப்படி ஒரு பழக்கம். இந்தச் சோதனைக்கான ரத்தம் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். சுமார் 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்துவிடுவது நல்லது. தாமதமானால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள், நமக்கு வேண்டிய லிம்போசைட்டுகளோடு கலந்து வந்து, அவற்றில் ஒரு வகையான டி செல்களின் வேலையைக் குறைத்துவிடும். உறைய வைத்த செல்கள் என்றால் உருக்கிய கையோடு பிளேட்டில் போடாதீர்கள். ஊடகத்தில் (செல்களை வளர்க்கும் திரவத்தில்) ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் சாகவேண்டியவை செத்துவிடும். அதற்குப் பிறகு இறந்த செல்களை நீலமாக்கும் டிரிப்பான் புளூ சாயத்தில் எண்ணி, உயிருள்ளவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். உருக்கியவுடன் எண்ணிய எண்ணிக்கையை மறுநாள் காலையில் அப்படியே பயன்படுத்தினால் முடிவு முழுவதும் பிசகிவிடும்.

அடுத்தது சவ்வு. குழியடியில் இருக்கும் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் சவ்வு தண்ணீரை ஏற்காது. முதலில் எத்தனாலில் நனைக்க வேண்டும். 35 சதவீத எத்தனால், குழிக்கு 15 மைக்ரோலிட்டர், அதிகபட்சம் ஒரு நிமிடம். வெள்ளைச் சவ்வு சாம்பல் நிறமாகி ஒளி ஊடுருவுவதுபோல் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மாறாத திட்டு எங்காவது இருந்தால் அங்கே ஆன்டிபாடி ஒட்டாது, புள்ளியும் வராது. உடனே தூய நீரால் ஐந்து முறை கழுவுங்கள். எத்தனாலை அதிகம் ஊற்றினாலோ நேரம் கடந்தாலோ சவ்வு கசியத் தொடங்கும். கழுவிய பிறகு சவ்வைக் காயவும் விடக்கூடாது.

செலவைக் குறைப்பதாக நினைத்து எலிசாவுக்கு எடுக்கும் அளவிலேயே ஆன்டிபாடியை ஊற்றுகிறவர்கள் உண்டு. எலிசாவுக்கு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். இங்கே பெரும்பாலும் 10 முதல் 15 வரை தேவை. குறைந்தால் புரதம் பிடிபடாமல் பரவி, புள்ளி மங்கிப் பெரிதாகி, அடுத்ததோடு கலந்துவிடும். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. எலிசாவில் பழகிய கையோடு கழுவும் பஃபரில் (உப்புக் கரைசலில்) ட்வீன் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்பதும் வேண்டாம். சவ்வு ஒழுகும், செல்கள் இடுவதற்கு முன் மிச்சமிருந்தால் அவற்றையும் கொல்லும்.

என் கணிப்பில் அதிகச் சோதனைகள் வீணாவது இன்குபேட்டருக்குள்தான். செல் நகர்ந்தால் சுரந்த புரதமும் கோடாக இழுபடும். வட்டமாக வரவேண்டிய புள்ளி வால் முளைத்து நிற்கும். செல்களை இட்ட பிளேட்டைத் தட்டாதீர்கள், சாய்க்காதீர்கள். உள்ளே வைத்த பிறகு 18 முதல் 24 மணி நேரம் அதைத் தொடவே வேண்டாம். வேறு ஒருவர் தன் ஃபிளாஸ்கை எடுக்கக் கதவை அடிக்கடி திறக்கும் இன்குபேட்டரைத் தவிர்த்துவிடுங்கள். பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பது மெதுவாகச் சூடேறும். செல்கள் குழியின் ஓரத்துக்கு ஒதுங்கி, புள்ளிகள் வளையமாக விழும். தனித்தனியாகப் பரப்பி வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழிகளில் கஞ்சத்தனம் கூடாது. வெறும் ஊடகம் மட்டும் இட்ட செல்கள், பிஹெச்ஏ போன்ற, டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பொருள் இட்ட செல்கள், இரண்டும் ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். சோதனைக் குழியில் செல்களைத் தூண்ட இடும் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், ஊடகக் குழியிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். பிஹெச்ஏ குழியிலேயே புள்ளி வரவில்லை என்றால் அந்த மாதிரியின் எதிர்மறை முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. செல்களே சரியில்லை என்றுதான் பொருள். ஊடகம் மட்டும் உள்ள குழியில் புள்ளிகள் குவிந்தால் ஊடகத்தில் சேர்த்த சீரத்தை (ரத்தத்தின் திரவப் பகுதியை) சந்தேகியுங்கள். புதிய சீரம் வாங்கும்போது சிறிய புட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு அதே தொகுதியில் மொத்தமாக வாங்கி வைப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

நிறமேற்றும்போது ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். கெடாமலிருக்கச் சோடியம் அசைடு கலந்த பஃபர், நிறத்தை உண்டாக்கும் ஹெச்ஆர்பி நொதியை முடக்கிவிடும். நிறமூட்டியை வடிகட்டாமல் ஊற்றினால் அதிலுள்ள துகள்கள் புள்ளிபோல் ஒட்டிக்கொள்ளும். உண்மையான புள்ளி நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். துகளுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். குழாய்த் தண்ணீரால் கழுவி நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றிச் சவ்வின் பின்புறத்தையும் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணுங்கள். ஈரச் சவ்வில் மங்கலான புள்ளிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஏஇசி என்ற நிறமூட்டி தரும் நிறம் வெளிச்சத்தில் வெளிறிவிடும், ஆகவே இருட்டில் வையுங்கள்.

எண்ணுவதற்குத் தானியங்கிக் கருவி இல்லை என்று தயங்க வேண்டாம். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் போதும். எந்தக் குழியில் என்ன இட்டது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். தெரிந்தவர் தம்மை அறியாமலே எதிர்பார்த்த பக்கம் சாய்ந்துவிடுவார். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண முடியாமல் போனால் ஊகித்து எழுதாதீர்கள், செல்களைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

கிடைத்த எண் சுரந்த செல்களின் எண்ணிக்கை. சுரந்த புரதத்தின் அளவு அல்ல. அளவும் வேண்டுமென்றால் அதே நாளில் தனிப் பிளேட்டிலும் செல்களை இட்டு, அவை வளர்ந்த திரவத்தை எடுத்து எலிசாவும் செய்யுங்கள். ஒருவருடைய ரத்தத்தை மூன்று குழிகளில் இட்டால் அது மூன்று பேர் ஆகாது. மூன்றின் சராசரி அந்த ஒருவருக்கான ஒரே மதிப்பு. இந்தத் தவறோடு எழுதப்படும் ஆய்வேடுகளில் புள்ளியியல் அட்டவணை வேறுபாடு தற்செயல் அல்ல என்று காட்டும் எத்தனை நட்சத்திரக் குறிகளோடு மின்னினாலும் அந்த முடிவை நம்ப முடியாது.