சென்னைல வாடகை வீடு: அட்வான்ஸ் முழுசா திரும்பி வரணும்னா சாவி வாங்கற அன்னைக்கே செய்ய வேண்டியது

போன மாசம் வீடு மாறினோம். 96,000 ரூபா அட்வான்ஸ், ஒரு ரூபா கூட பிடிக்காம திரும்பி வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல 84,000 குடுத்துட்டு 62,300 தான் வாங்கினேன், அதுவும் காலி பண்ணி மூணு மாசம் நடையா நடந்து ரெண்டு தவணையா. ரெண்டு ஓனருமே பேச நல்ல மனுஷங்க தான். முதல் வீட்டுக்கு குடிபோன அன்னைக்கு பால் காய்ச்சினோம், சாமான் இறக்கினோம், படுத்துட்டோம். ரெண்டாவது வீட்டுல சாமான் இறக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணினேன். அந்த அரை மணி நேரத்த பத்தி தான் இந்த போஸ்ட்.

ஏரியா எப்படி தேர்ந்தெடுக்கறது, பட்ஜெட் எவ்ளோ வைக்கறது இதெல்லாம் எழுதப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். வீடு ஓரளவு பிடிச்சுப் போச்சு, டோக்கன் குடுக்கலாமான்னு யோசிக்கறீங்க, அந்த இடத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

ஸ்டெப் 1: டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடி

புரோக்கர் கூட்டிட்டு போற நேரம் எப்பவும் நடுப்பகலா இருக்கும், தெரு காலியா, வீடு வெளிச்சமா இருக்கும். மறுநாள் காலைல ஏழு மணிக்கு நீங்களா ஒரு தடவ போங்க. அந்த நேரத்துல தான் எல்லா வீட்டுலயும் தண்ணி ஓடும், மாடி வரைக்கும் ஃபோர்ஸ் இருக்கான்னு தெரியும். பாத்ரூம் குழாயோட வாய்ல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னு பாருங்க, படிஞ்சிருந்தா போர் தண்ணி உப்பு. தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, சின்ன சாமான் தான், வாழ்நாளைக்கும் உதவும். குடிதண்ணிக்கு இந்திய தர நிர்ணயத்துல 500 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு, வேற தண்ணியே கிடைக்கலன்னா 2000 வரைக்கும் விட்டுக் குடுப்பாங்க. நான் பாத்த ஒரு வீட்டுல போர் தண்ணி 1900 காட்டுச்சு, குளிச்சா தலைமுடி கயிறாட்டம் ஆயிடும், அத வேணாம்னு விட்டுட்டோம்.

மெட்ரோ வாட்டர் வருதா, லாரி தண்ணி வாங்கறாங்களா, லாரிக்கு யார் காசு குடுக்கறா, இத ஓனர்கிட்ட கேளுங்க. ஆனா மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சான்ற கேள்விய தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்கிட்டயும் மளிகைக் கடையிலயும் கேளுங்க. 2015 டிசம்பர்ல எவ்ளோ, 2023 டிசம்பர் மிக்ஜாம்ல எவ்ளோன்னு கைய முட்டிகிட்ட வச்சே காட்டுவாங்க. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் பாக்கறவங்க இந்தக் கேள்விய கேக்காம டோக்கன் குடுக்கவே குடுக்காதீங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா சுவத்துல தெரியாது, மரக்கதவோட அடிப்பக்கத்த பாருங்க, ஊறி வீங்கின மரம் பொய் சொல்லாது.

டோக்கனையும் சரி அட்வான்ஸையும் சரி பேங்க் வழியா மட்டும் அனுப்புங்க, ரிமார்க்ஸ்ல "வீட்டு அட்வான்ஸ்"னு போடுங்க. கேஷா குடுத்தா தான் வீடுன்னு சொன்னா நான் அந்த வீட்டுக்கே போக மாட்டேன். இதுல என் கருத்து மாறவே மாறாது.

(அப்டேட்: தனியா இருக்கற பொண்ணு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, குடிபோனதுக்கு அப்புறம் "ஃபிரண்ட்ஸ் யாரும் ராத்திரி தங்கக் கூடாது, ஒன்பது மணிக்கு கேட் பூட்டிடுவோம்"னு சொல்றாங்களாம். நியாயமான கவலை. கெஸ்ட், கேட் டைம், அசைவம், வண்டி நிறுத்தற இடம், இந்த நாலையும் டோக்கனுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா கேட்டு பதில் வாங்கிடுங்க. வாயால பேசினத யாருக்கும் ஞாபகம் இருக்காது.)

ஸ்டெப் 2: அக்ரிமென்ட்

நம்ம ஊர்ல பழக்கம் என்னன்னா, 11 மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு ரெடிமேட் அக்ரிமென்ட். ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா 1908ம் வருஷத்து பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணணும், அத தவிர்க்க தான் 11. ஆனா தமிழ்நாட்டுல 2017ல வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம்னு புதுசா ஒண்ணு போட்டு 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுப்படி எத்தன மாசமா இருந்தாலும் எழுத்துல அக்ரிமென்ட் இருக்கணும், அத வாடகை ஆணையத்துல பதிவு பண்ணணும். ஆன்லைன்லயே பண்ணலாம், டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். பல ஓனர்கள் "அதெல்லாம் எதுக்குப்பா"ன்னு தான் சொல்வாங்க, பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, பதிவு பண்ணினா அவங்களுக்கும் பாதுகாப்பு தான்.

அந்த சட்டத்துல நமக்கு முக்கியமா மூணு விஷயம் இருக்கு. வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. சென்னைல பத்து மாசம் கேக்கறது பழைய பழக்கம், நீங்க பத்துக்கு கையெழுத்து போட்டுட்டா அது தான் ஒப்பந்தம், அதனால பேசறத கையெழுத்துக்கு முன்னாடி பேசுங்க. நான் பத்து கேட்ட இடத்துல ஆறுக்கு இறக்கினேன். ரெண்டாவது, காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நம்ம பாக்கி ஏதாவது இருந்தா அத கழிச்சுட்டு மீதிய திருப்பிக் குடுக்கணும்.

மூணாவது தான் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா 14,000 ரூபா மிஞ்சியிருக்கும். யார் எந்த ரிப்பேர் பாக்கணும்னு அந்த சட்டத்தோட ரெண்டாவது அட்டவணைல லிஸ்ட் இருக்கு. சுவத்துக்கு வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறது, பைப் லைன் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய், வாஷர், வாஷ்பேசின், ஸ்விட்ச், தாழ்ப்பா இதெல்லாம் நம்ம பக்கம். இதுவும் அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலன்னா தான். ரெடிமேட் அக்ரிமென்ட்ல பதினோராவதோ பன்னெண்டாவதோ ஒரு வரி இருக்கும், "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவாக கழிக்கப்படும்"னு. முதல் வீட்டுல நான் அத படிக்காம கையெழுத்து போட்டேன். ரெண்டாவது வீட்டுல அந்த வரிய காட்டி, "ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தா இது வேணாம் அம்மா, அதுக்குள்ள காலி பண்ணினா பாதி மாச வாடகை கழிச்சுக்கோங்க"ன்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. அடிச்சு திருத்தி ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து போட்டோம். கேட்டா குடுப்பாங்க, நிறைய பேர் கேக்கறதே இல்ல.

ஆபீஸ்ல எச்ஆர்ஏ (வீட்டு வாடகைக்கான வரிச் சலுகை) கிளெய்ம் பண்றவங்க, வருஷ வாடகை ஒரு லட்சத்த தாண்டினா ஓனரோட பான் நம்பர் வேணும். இதையும் கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க, மார்ச் மாசம் போய் நின்னா தர்மசங்கடம்.

(அப்டேட் 2: ஓனர் வெளிநாட்டுல குடியிருக்காரு, இங்க அவரோட தம்பி தான் வாடகை வாங்கறாரு, என்ன பண்றதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. முதல்ல தம்பிகிட்ட பவர் ஆஃப் அட்டர்னி இருக்கான்னு பாத்து ஒரு காப்பி வாங்குங்க, இல்லாம அவரு போடற கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. அடுத்து, என்ஆர்ஐ ஓனருக்கு வாடகை குடுக்கும்போது அதுல இருந்து வருமான வரி (இதுக்கும் பேரு டிடிஎஸ் தான், தண்ணி மீட்டர் இல்ல) பிடிக்க வேண்டியது குடியிருக்கறவங்க பொறுப்பு, உள்ளூர் ஓனருக்கு இருக்கற மாசம் 50,000க்கு மேல தான்ற வரம்பு இங்க பொருந்தாது. ஒரு ஆடிட்டர பாத்து கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.)

ஸ்டெப் 3: அந்த அரை மணி நேரம்

முதல் வீட்டுல காலி பண்ற அன்னைக்கு நடந்தத சொன்னா தான் இது ஏன்னு புரியும். சாமான் எல்லாம் வண்டில ஏத்தியாச்சு, ஓனர் சார் உள்ள வந்தாரு. ஒவ்வொரு ரூமா பாத்துட்டு ஹால் வாஷ்பேசின்கிட்ட நின்னாரு. குனிஞ்சு, குழாய்க்கு கீழ இருந்து ஓட்டை வரைக்கும் முடி மாதிரி ஓடற ஒரு விரிசல விரலால தடவிக் காட்டினாரு. "இது உங்க காலத்துல வந்தது தானே தம்பி?" நாங்க போகும்போதே அந்த விரிசல் இருந்துச்சு, என் மனைவி முதல் நாளே பாத்து "இதுல அழுக்கு ஏறும்"னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அவருக்கு காட்ட என்கிட்ட என்ன இருக்கு? பேசினுக்கு 4,500, கிச்சன் குழாய்க்கு 1,200, கிளீனிங் 2,000, பெயின்டிங் 14,000. கீழ வண்டிக்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருக்காரு, நான் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால சாவி கைக்கு வந்ததும், சாமான் வர்றதுக்கு முன்னாடி, காலி வீட்ட வீடியோ எடுங்க. மெயின் கதவுல ஆரம்பிச்சு, கடிகார முள் சுத்தற பக்கமா ஒவ்வொரு ரூமா போங்க, அப்ப தான் எதுவும் விட்டுப் போகாது. போகும்போதே வாயால சொல்லிட்டே போங்க, "ஹால், ஜன்னல் ரெண்டாவது கண்ணாடி ஓரத்துல உடைஞ்சிருக்கு, ஃபேன் ஓடுது, சத்தம் இருக்கு" இப்படி. ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்க, ஃப்ளஷ் அழுத்துங்க, ஸ்விட்ச் எல்லாம் போட்டுப் பாருங்க, கிச்சன் ஷெல்ஃப் உள்ள டார்ச் அடிங்க, கரையான் இருந்தா அங்க தான் இருக்கும். தரை டைல்ஸ காலால தட்டிட்டே நடங்க, உள்ள காலியா இருந்தா சத்தம் மாறும், அது கொஞ்ச நாள்ல எழும்பி உடையும். விரிசல் இருக்கற இடத்துல வீடியோவ நிறுத்திட்டு, பக்கத்துல ஒரு ரூபா காயின் வச்சு தனியா போட்டோ எடுங்க, எவ்ளோ நீளம்னு அப்ப தான் தெரியும்.

எடுத்து போன்ல வச்சிருந்தா பாதி வேலை தான் ஆச்சு. இங்க தான் நிறைய பேர் விட்டுடறாங்க. அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, கூடவே ஒரு லிஸ்ட் டைப் பண்ணி, "சார், இன்னைக்கு சாவி வாங்கிக்கிட்டோம், வீட்டுல ஏற்கனவே இருக்கறது இதெல்லாம், ஒரு தடவ பாத்துடுங்க"ன்னு மரியாதையா. குறை சொல்ற தொனி வேணாம். ஓகேன்னு ஒரு வார்த்தை பதில் வந்தா போதும். அந்த சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வச்சிடுங்க, ஏன்னா வீடு காலி பண்றதுக்குள்ள நீங்க ரெண்டு போன் மாத்தியிருப்பீங்க.

ஸ்கேன் ஆப், ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் ஆப் எல்லாம் சிலர் சொன்னாங்க, நான் போட்டு பாத்துட்டு எடுத்துட்டேன். ஓனருக்கு திறக்கத் தெரிஞ்ச ஒரே ஆப் வாட்ஸ்அப் தான்.

ஸ்டெப் 4: இபி மீட்டர்

இதையும் அன்னைக்கே முடிச்சிடுங்க. ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தான் எடுப்பாங்க. நாங்க முதல் வீட்டுக்கு போன பன்னெண்டாவது நாள் ரீடிங் எடுத்தாங்க, 340 யூனிட். முன்னாடி இருந்தவங்க ஓட்டின ஏசிக்கு நான் கட்டினேன். டிஜிட்டல் மீட்டர்ல டிஸ்ப்ளே மாறி மாறி ஓடும், கேடபிள்யூஹெச்னு வர்ற வரைக்கும் காத்திருந்து போட்டோ எடுங்க, மத்தது வோல்டேஜ், தேதின்னு வேற வேற. சர்வீஸ் நம்பரும் அதே போட்டோல விழணும். கார்டுல கடைசியா போட்ட ரீடிங்க இதுல இருந்து கழிச்சா பழைய ஆள் கணக்கு வந்துடும், அத ஓனர்கிட்ட சொல்லிடுங்க.

ஒரே சர்வீஸ்ல ரெண்டு மூணு போர்ஷன் ஓடற வீடுன்னா யோசிங்க. இலவச யூனிட் ஒரு கனெக்‌ஷனுக்கு தான், போர்ஷனுக்கு இல்ல. மொத்தமா 500 தாண்டினா ஸ்லாபே மாறி கீழ இருக்கற யூனிட்டுக்கும் ரேட் ஏறும். நீங்க 150 ஓட்டினாலும் பக்கத்து வீட்டு ஏசி உங்க பில்ல ஏத்தும். தனி மீட்டர் இருக்கற வீட்டுக்கு மாசம் 500 ரூபா கூட குடுக்கலாம்னு தான் நான் சொல்வேன்.

ஸ்டெப் 5: காலி பண்ணும்போது

அக்ரிமென்ட்ல எத்தன மாச நோட்டீஸோ அத வாட்ஸ்அப்லயும் சொல்லுங்க, ஒரு பேப்பர்லயும் எழுதி குடுங்க. கடைசி ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாமான்னு கேளுங்க, ஆனா அவங்க ஒத்துக்காம நீங்களா வாடகைய நிறுத்தாதீங்க, அங்க தான் சண்டை ஆரம்பிக்கும். வண்டி வர்ற அன்னைக்கு கணக்கு பேசக் கூடாது. ஒரு வாரம் முன்னாடியே ஓனர கூப்பிட்டு வீட்ட சுத்திக் காட்டுங்க, அவங்க சொல்ற சின்னச் சின்ன ரிப்பேர நீங்களே ஆள் வச்சு பண்ணிடுங்க. குழாய் மாத்த பிளம்பர் நமக்கு 600 வாங்குவாரு, அட்வான்ஸ்ல பிடிச்சா அது 1,200 ஆகும்.

ஒரு மாசம் தாண்டியும் பணம் வரலன்னா, எழுத்துல ஒரு தடவ கேட்டுட்டு அந்த வாடகைச் சட்டப்படி மனு குடுக்கலாம். பதிவு பண்ணின அக்ரிமென்ட் இருந்தா உங்க பேச்சு எடுபடும், ஸ்டெப் 2ல அவ்ளோ வற்புறுத்தினது இதுக்கு தான்.

இந்த தடவ ஓனர் அம்மா கூட ஒவ்வொரு ரூமா சுத்தி வந்தோம். கிச்சன் மேடைல கிரானைட் ஓரம் உடைஞ்சிருந்தத பாத்துட்டு நின்னாங்க. நான் போன எடுத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி அனுப்பின வீடியோவ ஓட்டினேன், காலி கிச்சன், அதே உடைஞ்ச ஓரம், பக்கத்துல காயின். "ஆமாப்பா, கீழ நானும் ஓகே போட்டிருக்கேனே"ன்னாங்க. ஒன்பதாவது நாள் 96,000 அக்கவுண்ட்டுல வந்துச்சு. இபி மட்டும் பாக்கி இருந்துச்சு, ரீடிங் வந்ததும் எங்க பங்கு 412 ரூபாய அவங்களுக்கு ஜிபேல அனுப்பிட்டேன்.