625001: மதுரையின் பின்கோடைக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 625001. 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய பின்கோடு முறையில் இந்த ஆறு இலக்கங்களும் தபாலைப் பிரித்தனுப்புவதற்கான அடையாளம் மட்டுமே. ஆனால் அதையே ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒன்று என்ற முழு எண்ணாக எடுத்துக்கொண்டு காரணிப்படுத்த முனைந்தால், எண்ணியலில் வழக்கமாக நேரும் பிழைகள் பலவற்றுக்கும் அதில் இடமிருப்பது தெரியவரும்.

பார்த்த மாத்திரத்தில் இதைப் பகா எண் என்று முடிவுகட்டுவது முதல் பிழை. 625000 என்பது 2³ × 5⁷. அதனுடன் 1 கூட்டிக் கிடைக்கும் எண் 2, 5 ஆகியவற்றால் வகுபடாது. பகா எண்களின் பெருக்கத்துடன் 1 கூட்டி, பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்டும் யூக்ளிடின் நிரூபணத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர்கள், இதைக் கொண்டே அது பகா எண்தான் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். மற்றப் பகா எண்களைப் பற்றி அந்த வாதம் எதுவும் சொல்வதில்லை.

இலக்கங்களின் கூடுதல் 14. அது மூன்றால் வகுபடாததால் 625001 மூன்றால் வகுபடாது என்பது சரி. அது ஏழால் வகுபடுவதால் 625001 ஏழால் வகுபடும் என்பது தவறு, மீதி 6 வரும். பத்தை 3 அல்லது 9 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் அவ்விதி அவற்றுக்குச் செல்லுபடியாகிறது.

7 × 11 × 13 = 1001 என்பதால், வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அத்துண்டுகளை மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் இம்மூன்றையும் ஒரே முறையில் சோதித்துவிடலாம். நம் வழக்கப்படி 6,25,001 என்று எழுதி, காற்புள்ளி விழுந்த இடங்களிலேயே துண்டாக்குவோர்க்கு 1 − 25 + 6 = −18 என்று வரும்; மூன்றில் எதுவும் காரணியல்ல என்று விட்டுவிடுவார்கள். முறைப்படி வருவது 625 − 1 = 624. அது 13 × 48. ஆகவே 13 ஒரு காரணி, 7உம் 11உம் அல்ல.

625001இன் வர்க்கமூலம் 790ஐச் சற்றே தாண்டும் என்பதால், அதுவரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். எண்ணின் பாதி வரை போவது வீண். 13 ஆல் வகுத்தபின் எஞ்சுவது 48077. இனி எல்லை 219 ஆகச் சுருங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்காமல் பலர் பழைய எல்லையை நோக்கியே நடக்கிறார்கள். 13 மீண்டும் வகுக்கிறதா என்று பார்க்கவும் மறக்கிறார்கள், இங்கே வகுக்கவில்லை. 131இல் 48077 மீதியின்றி வகுபட்டு ஈவு 367 கிடைக்கிறது. 19 வரையுள்ள பகா எண்கள் எல்லாம் ஏற்கெனவே விலக்கப்பட்டவை, 20² = 400 என்பதோ 367ஐவிடப் பெரிது; ஆகவே 367 பகா எண்ணே.

625001 = 13 × 131 × 367. பகாக் காரணிகள் மூன்று என்பதால் வகுஎண்களும் மூன்று என்று எழுதிவிடக் கூடாது. 1, 1703, 4771, 48077, 625001 ஆகியவற்றையும் சேர்த்தால் எட்டு.

கடைசிப் பிழை கொஞ்சம் நுட்பமானது. 4 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்ற தேற்றத்தை, அதே மீதி தரும் 625001க்கும் பொருத்துவது தவறு, ஏனெனில் இது பகா எண்ணன்று. 131ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3. அத்தகைய பகா எண் a² + b²ஐ வகுக்குமானால் a, b இரண்டையும் தனித்தனியே வகுத்தாக வேண்டும், அப்போது கூடுதலை 131² வகுக்கும். 625001இல் 131 ஒரே ஒருமுறைதான் காரணியாக வருகிறது; ஆகவே அதை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது.