ஏரிக்கரை ஊரில் மனை நிஜமாக என்ன விலைக்குப் போகிறது? வில்லங்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

மதுராந்தகம், உத்திரமேரூர், காவேரிப்பாக்கம், காட்டுமன்னார்கோயில் மாதிரி ஊர்களில் மனை பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது 'சென்ட் இவ்வளவு' என்கிற ஒற்றை எண். அதைச் சொல்பவருக்குக் கமிஷன் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதே ஊரில் கடந்த இரண்டு வருடத்தில் என்னென்ன கைமாறியது, எந்தத் தொகைக்கு மாறியது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். அந்தப் பதிவுகளின் பட்டியலுக்குத்தான் வில்லங்கம் என்று பெயர், அதைப் பார்வையிடக் கட்டணம் கிடையாது. கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால்தான் பணம் கட்ட வேண்டும்.

தேவை சர்வே எண்கள். நீங்கள் பார்க்கும் மனையின் எண் ஒன்று மட்டும் போதாது, சுற்றியிருக்கும் பத்துப் பதினைந்து எண்களாவது வேண்டும். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் புலப்படத்தை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடத்தை, எடுங்கள். புலத்தின் வெளி ஓரங்களில் பக்கத்துப் புலங்களின் எண்கள் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போனால் ஏரிவரை போய்ச் சேரலாம். வில்லங்கத்தில் மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து, இரண்டு வருட இடைவெளிக்குத் தேடுங்கள். இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் உட்பிரிவு. 112/3 பிரிந்து 112/3ஏ, 112/3பி ஆகியிருந்தால், பிரிவதற்கு முன் நடந்த கிரயம் 112/3 என்ற எண்ணில்தான் கிடக்கும். புது எண்ணை மட்டும் போட்டுவிட்டு 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

வருகிற பதிவுகளில் பாதிக்கு மேல் உங்களுக்கு உதவாது. ஆவணத்தின் தன்மை என்ற கட்டத்தைப் பாருங்கள். கிரயம் என்று இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை ஆவணம், ரத்து ஆகியவற்றை ஒதுக்குங்கள். கிரயத்திலும் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருக்கும் ஒரே தகப்பனார் பெயர் இருந்தால் அது குடும்பத்துக்குள் நடந்த கைமாற்றம், சந்தை விலை அல்ல. 'பிரிபடாத பாகம்' என்று இருந்தாலும் தள்ளிவிடுங்கள். அந்த விலை பெரும்பாலும் அடிமாட்டு விலையாக இருக்கும், ஏனென்றால் வாங்கியவருக்கு எந்த மூலை தன்னுடையது என்றே தெரியாது. எட்டுப் பத்து சுத்தமான கிரயங்கள் மிஞ்சினால் போதும்.

அடுத்து கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்ற இரண்டு கட்டங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அந்தப் பத்திரம் வழிகாட்டி மதிப்புக்கு, அதாவது பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் மதிப்புக்கு, எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உண்மை விலை அதற்கு மேலே எங்கேயோ இருக்கலாம். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் முத்திரைத் தீர்வைக்காக ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்குப் போகும் என்பதால் பெரும்பாலோர் சரியாக அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறார்கள்.

வருடத்தை வருடத்தோடு ஒப்பிடும்போது இந்தக் கோடே நகர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்குத் திரும்பியது. 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு வந்தது. 67 ரூபாயாக இருந்தது 100 ரூபாய் ஆனால் பத்திரத்தில் கிட்டத்தட்ட 50 சதவீத ஏற்றம் தெரியும். ஊரில் ஒரு மனைகூட விலை ஏறாமலே இது நடக்கும். 'ரெண்டு வருஷத்துல ஒன்றரை மடங்கு ஆயிடுச்சு சார்' என்று யாராவது பத்திரத்தைக் காட்டினால் இரண்டு தேதிகளையும் பாருங்கள்.

உண்மை விலைக்கு நெருங்க ஒரு வழி உண்டு. கிரயத்தின் அதே நாளிலோ அடுத்த சில நாட்களிலோ அதே சர்வே எண்ணில் வங்கிக்கு 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு', அதாவது கடனுக்கு ஈடாகப் பத்திரம் கொடுத்தது, பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். 14 லட்சத்துக்குக் கிரயம், உடனே 20 லட்சத்துக்கு ஒப்படைப்பு என்று இருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தச் சொத்தை 20 லட்சத்துக்கு மேல் கணித்திருக்கிறார். ஆனால் மனை வாங்கி வீடும் கட்டுவதற்குச் சேர்த்துக் கடன் வாங்கியிருந்தால் கட்டுமானச் செலவும் அதில் கலந்திருக்கும். வெறும் மனையா, கட்டிய வீடா என்பதை ஆவண நகலில் சொத்து விவரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு என்றால் கட்டட மதிப்பைக் கழித்துவிட்டு மனையை மட்டும் ஒப்பிடுங்கள்.

பரப்பு மாற்றுவதில் தப்பு நடந்தால் எல்லாக் கணக்கும் பாழ். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. பத்திரத்தில் சென்ட் அல்லது சதுர அடி. பட்டாவில் 0 ஹெக்டேர் 4.50 ஏர் என்று இருந்தால் அது 450 சதுர மீட்டர், அதாவது சுமார் 4,844 சதுர அடி, 11.12 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எல்லாக் கிரயத்தையும் சதுர அடி விலைக்குக் கொண்டுவந்து, சாலையை ஒட்டியவை, உள்ளே இருப்பவை என்று இரண்டாகப் பிரித்து, சராசரி போடாமல் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். ஒரே ஒரு பண்ணை வீடு சராசரியைத் தூக்கிக் கொண்டு போய்விடும்.

இனி ஏரி. ஏரியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதைக் காட்டிலும், ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. நம் ஏரிகளுக்குத் தாழ்வான பக்கத்தில்தான் கரை இருக்கும். கரைக்குக் கீழே ஆயக்கட்டு நஞ்சை, அதாவது ஏரி நீர் பாயும் வயல். ஏரி நிறைந்தால் அங்கே தரையில் கசிவு எடுக்கும், அஸ்திவாரக் குழியில் தண்ணீர் ஊறும். எதிர்ப்பக்கம், அதாவது உள்வாய்ப் பக்கம், தண்ணீர் மேட்டை நோக்கி மெல்லப் பரவும் இடம். கரை இல்லாததால் 'ஏரி வியூ' என்று விளம்பரம் செய்வதெல்லாம் இந்தப் பக்கத்து மனைகளைத்தான். நாலைந்து வருடம் மழை குறைந்தால் ஏரியின் விளிம்பு எது, பட்டா நிலம் எது என்று கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது இடம், ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலுக்குக் கீழே, உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழி. வறண்ட வருடத்தில் அது வெறும் பள்ளம்தான், மண் அடித்து மனை போடத் தோன்றும். மலிவாகத் தெரியும் கிரயங்கள் இந்த மூன்றில் எதில் விழுகின்றன என்று கிராம வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். விலை ஏன் குறைந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே விளங்கும்.

இதற்குப் பத்திர நகலில் நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி உதவும், ஆனால் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். 'ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு' என்றால் வாய்க்கால் தெற்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாய்க்காலுக்குத் தெற்கே மனை இருக்கிறது, ஆகவே வாய்க்கால் மனையின் வடக்கு எல்லை. செக்குபந்தியில் ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ வந்தால் அந்த எண்ணுக்கு, நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கான 'அ' பதிவேட்டை எடுத்து வகைப்பாடு பாருங்கள். ஏரிப் புறம்போக்கு என்று இருக்கும் நிலத்தில் ஒரு அடி உள்ளே வேலி நின்றாலும் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தில் அகற்றலாம். பட்டா கையில் இருக்கிறதே என்பது பதில் ஆகாது, பட்டா பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுடையது. சர்வேயரை வைத்து அளந்து கல் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி மலை ஏரி ஊர்களில் இவற்றோடு மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகளும் சேரும். அங்கே கட்ட அனுமதி கிடைக்கும் மனைக்கும் கிடைக்காத மனைக்கும் ஒரே தெருவில் இரண்டு விலை, இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் பஞ்சமி நிலம், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலம், நிறைய. பழைய பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருந்தால், பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்ற கிரயம் நிற்காது, எத்தனை கை மாறியிருந்தாலும் சரி.

பேரம் பேசும் தொகையோடு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தென்றால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மீதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரித்துறையில் அதே அளவு அபராதம் வரலாம்.

கடைசியாக, கணினியை மூடிவிட்டு ஊரில் மதகு திறந்து அடைக்கிற நீர்க்கட்டியைத் தேடிப் பிடியுங்கள். 'ஏரி கடைசியா எந்த வருஷம் கோடி போச்சு? அப்ப தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?' என்று இரண்டே கேள்வி. கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. தென் மாவட்டங்களில் அதையே 'மறுகால் பாஞ்சது எப்ப' என்று கேட்க வேண்டும். அவர் கை நீட்டிக் காட்டும் இடத்தை, கூகுள் எர்த்தில் 2015, 2021 ஆண்டுகளின் மழைக்காலப் படங்கள் கிடைத்தால் அவற்றோடு ஒட்டிப் பாருங்கள். மனையைப் பார்க்க சித்திரையில் ஒருமுறை, கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை போங்கள். சித்திரையில் மட்டும் காட்டுகிறேன் என்று அடம்பிடிப்பவரிடம், கார்த்திகையில் அங்கே போக வண்டிப்பாதை இருக்குமா என்று கேளுங்கள்.