தக்காளி கருகலாம், வற்றல் கருகக்கூடாது: வீட்டுச் சல்சாவில் நேரும் தவறுகள்

வீட்டில் அரைத்த சல்சா, அதாவது மெக்சிகோவின் தக்காளி-மிளகாய்ச் சட்னி, உணவகத்தில் கிடைப்பதுபோல் அமையவில்லை என்று குறைப்படுபவர்களில் பலர், எந்த உணவகத்தின் சல்சாவை மனத்தில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ சமையலைத் தழுவி வளர்ந்த டெக்ஸ்-மெக்ஸ் உணவகங்களில், நாம் உட்கார்ந்தவுடனேயே சோளச் சிப்ஸோடு மேசைக்கு வரும் சல்சா வேறு. மெக்சிகோ நகரத்தில், சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் தாக்கோக் கடையில் கிண்ணங்களில் வரிசையாக வைத்திருக்கும் சல்சா வேறு. முன்னது பெரும்பாலும் டப்பாவில் அடைத்த தக்காளியை வெங்காயம், ஹலபேன்யோ மிளகாய், கொத்தமல்லித்தழை, கொஞ்சம் சீரகத்தூள் ஆகியவற்றோடு அரைத்து, சற்றே நீர்த்த பதத்தில் எடுப்பது. பின்னதில் தக்காளியையும் மிளகாயையும் கொமால் என்னும் தட்டைக் கல்லில் சுட்டோ, நீரில் வேகவைத்தோ அரைப்பார்கள். சீரகத்துக்கு அதில் பொதுவாக இடமில்லை. இரண்டு செய்முறைகளையும் பாதிப் பாதியாகப் படித்துவிட்டு, சுட்ட தக்காளியின் மணத்தின்மேல் சீரகத்தூளை அள்ளிக் கொட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அடுத்த குழப்பம் பெயரில் தொடங்குகிறது. மத்திய மெக்சிகோவில் சிவப்புத் தக்காளியை ஹிதொமாத்தே என்பார்கள். தொமாத்தே என்றோ தொமாத்தே வெர்தே என்றோ சொன்னால், பிற இடங்களில் தொமாத்தியோ எனப்படும், மெல்லிய தாள்போன்ற உறைக்குள் காய்க்கும் பச்சைக் காயைக் குறிக்கும். ஸ்பானிய மொழிச் செய்முறையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் படிப்பவர்கள் அதைப் ‘பச்சைத் தக்காளி’ என்று எடுத்துக்கொண்டு, பழுக்காத தக்காளிக்காயை வாங்கி வந்து பச்சைச் சல்சா செய்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு செடிகள். தொமாத்தியோ, நம் வயல் வரப்புகளில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவு. அந்த உறையைப் பார்த்தாலே இது விளங்கும். உறையை உரித்தபின் காயின்மேல் பிசுபிசுப்பு இருக்கும்; அதைக் கழுவிவிட வேண்டும். வேகவைப்பதானால் பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். வெடிக்கும்வரை கொதிக்கவிட்டால் சாறு தண்ணீரில் போய், வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

சிவப்புச் சல்சாவில் பெரும் எதிரி தண்ணீர். மெக்சிகோவில் இதற்கு நீள்வடிவமும் கெட்டிச் சதையும் கொண்ட ரோமா வகைத் தக்காளியையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். சாறு நிறைந்த தக்காளியை அப்படியே மிக்சியில் போட்டு ஓடவிட்டால், காற்றுக் குமிழிகள் கலந்து, நிறம் வெளுத்து, இளஞ்சிவப்பு நுரையாக ஒன்று கிடைக்கும். அதன் சுவையும் நிறத்தைப்போலவே வெளிறியிருக்கும். டப்பாத் தக்காளி வாங்குபவர்கள், துண்டுகளாக நறுக்கியதைவிடத் தோலுரித்த முழுத் தக்காளியை வாங்குவது நல்லது. நறுக்கிய துண்டுகள் கரையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். அதனால் எவ்வளவு அரைத்தாலும் சல்சாவில் விறைத்த துணுக்குகள் நிற்கும். அரைக்காமல் நறுக்கியே செய்யும் பீக்கோ தெ காயோ என்னும் சல்சாவுக்கு விதையையும் சாற்றையும் வழித்தெடுத்துவிட்டு, உப்பைப் பரிமாறுவதற்குச் சற்றுமுன் சேர்த்தால் போதும். முன்கூட்டியே உப்பிட்டால் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும்.

இனி நெருப்பு. உணவகத்து ருசி என்று நாம் தேடுவதில் பாதிக்குமேல் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எண்ணெய் விடாத கனமான இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, தக்காளியை இடைவெளி விட்டு அடுக்கி, அவ்வப்போது புரட்டி, தோல் ஆங்காங்கே கருத்து உள்சதை தளரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் சுட வேண்டும். பச்சை மிளகாயும் தோலுரிக்காத பூண்டுப் பற்களும் அதே கல்லில் வேகலாம். அவசரத்தில் கல் முழுவதும் நெருக்கி அடுக்கினால் அவை சுடப்படாமல் தம் ஆவியிலேயே வெந்துவிடும். கருகலைக் கண்டு பயந்து பாதியில் எடுத்துவிடுவது ஒரு தவறு; சுட்டதைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் தோலைத் தேய்த்துக் கழுவுவது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் சிரமப்பட்டு ஏற்றிய மணம் அங்கேயே கழுவப்பட்டுவிடுகிறது. கரியாகிப்போன தோலைக் கையால் உரித்துவிட்டு மீதியைச் சேர்த்தே அரைக்கலாம்.

ஆனால் இந்தத் துணிச்சல் காய்ந்த மிளகாயிடம் செல்லாது. சிலே தே ஆர்போல், குவாஹியோ போன்ற வற்றல்களைக் கல்லில் சில நொடிகள் புரட்டினாலே மணம் எழுந்துவிடும். இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தால் கருத்துவிடும், வீடே இருமத் தொடங்கும், சல்சாவில் ஏறும் கசப்பை எந்த எலுமிச்சையாலும் மாற்ற முடியாது. கருகிய வற்றலை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சிக்கனம். வற்றலை ஊறவைத்த வெந்நீரையும் ருசி பார்க்காமல் அரைக்கச் சேர்க்கக்கூடாது. சில வேளைகளில் கசப்பு அதில்தான் இறங்கியிருக்கும்.

காரத்தைக் குறைக்க விதையை மட்டும் தட்டிவிடுவது பலரின் பழக்கம். காரம் தரும் கேப்சைசின் உருவாவது விதையில் அல்ல, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நடுச்சவ்வில். எடுக்க வேண்டியது அதைத்தான். அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவுமுறைப்படி ஹலபேன்யோ ஏறத்தாழ 2,500 முதல் 8,000 அலகு வரையும், செர்ரானோ என்னும் இன்னொரு மெக்சிகோ மிளகாய் 10,000 முதல் 23,000 வரையும் காரம் கொண்டவை. ஒரே வகைக்குள்ளேயே மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும்போது, செய்முறையில் சொன்ன எண்ணிக்கையை நம்பி எல்லா மிளகாயையும் ஒரேயடியாகப் போடுவது சூதாட்டம். ஹலபேன்யோவுக்குப் பதிலாக நம் ஊர்ப் பச்சை மிளகாயைப் போடுபவர்கள், அது பெரும்பாலும் காரம் கூடியது என்பதால், ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கிடவே கூடாது.

அரைப்பதிலும் வரிசை உண்டு. எரிமலைக்கல்லில் குடைந்த மோல்காஹெத்தே என்னும் மூன்றுகால் உரலில் பூண்டையும் உப்பையும் மிளகாயையும் முதலில் நைத்து, அதன் பிறகே தக்காளியைச் சேர்ப்பார்கள். புதிய உரலைப் பழக்க, மாவில் கல்துகள் வருவது நிற்கும்வரை அரிசியைத் திரும்பத் திரும்ப அரைத்துக் கொட்டுவார்கள். புது அம்மியைப் பழக்கிய வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிமெண்டில் வார்த்த போலி உரல்களும் விற்பனைக்கு வருவதால், எத்தனை முறை அரைத்தாலும் சாம்பல் நிறம் நிற்காவிட்டால் அதை உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது. மிக்சியானால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்றே போதும். வெங்காயத்தை மட்டும் மிக்சியில் போடாமல் பொடியாக நறுக்கி, குளிர்ந்த நீரில் அலசி நெடியைப் போக்கி, கடைசியில் கொத்தமல்லித்தழையோடு கலப்பது நல்லது.

சல்சா என்ற ஸ்பானியச் சொல்லின் லத்தீன் வேரே ‘உப்பிட்டது’ என்ற பொருளுடையது. இருந்தும் வீட்டுச் சல்சாவில் பெரும்பாலும் குறைவது உப்புதான். குறை எங்கே என்று தெரியாமல் சர்க்கரையையும் வினிகரையும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். சிப்ஸிலேயே உப்பு இருப்பதால் கரண்டியால் நக்கிப் பார்க்காமல், எதனோடு சாப்பிடப்போகிறோமோ அதனோடு ருசி பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது பார்த்த ருசியும் செல்லாது; அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி பார்த்து, எலுமிச்சைச் சாற்றை அப்போது பிழியலாம்.

சுடாமலும் வேகவைக்காமலும் பச்சையாகச் செய்யும் சல்சாவில் கழுவுவதை அலட்சியப்படுத்தக்கூடாது. 2008இல் அமெரிக்காவில் 1,400க்கு மேற்பட்டோரைத் தாக்கிய சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர்த் தொற்றுக்கு முதலில் தக்காளியையே குற்றம் சாட்டினார்கள். பின்னர் விசாரணை ஹலபேன்யோ, செர்ரானோ மிளகாய்களில் வந்து நின்றது. சல்சாவை மேசையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, நான்கைந்து நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். மாதக்கணக்கில் வைக்கச் சீசாவில் அடைக்க விரும்புபவர்கள் சோதிக்கப்பட்ட செய்முறையின் அளவுகளை மாற்றவே கூடாது. அமிலத்தன்மை குறைந்து pH அளவு 4.6க்கு மேலே போனால், மூடிய சீசாவுக்குள் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாக வழி பிறக்கும். வெங்காயத்தையும் மிளகாயையும் ஒரு கை கூடுதலாகப் போடுவதுகூட அந்த எல்லையைத் தாண்டச் செய்யலாம்.

பச்சைச் சல்சாவைக் குளிர்பெட்டியில் வைத்தவர்கள் மறுநாள் அது கூழ்போல் உறைந்திருப்பதைக் கண்டு கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். தொமாத்தியோவில் பெக்டின் மிகுதி. பழ ஜாம் இறுகுவதும் அதே பொருளால்தான். இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, உப்பை மட்டும் மறுபடி சரிபார்த்தால் அது பழைய பதத்துக்கு வந்துவிடும்.