நடிகை இயக்குநரான பாதை: ஒரு வியட்நாமியக் கலைஞரைப் படம் பார்த்துப் படிக்கும் முறை

வியட்நாமின் ங்கோ தன் வான், வெளிநாடுகளில் வெரோனிகா ங்கோ என்று அறியப்படுபவர். நடிகையாகத் தொடங்கி இயக்குநரான அவருடைய படங்களைச் சேலத்தில் நாலைந்து நண்பர்கள் கூடி இரண்டு வார இறுதிகளில் பார்த்து முடிக்கலாம். அதற்கான வழியை, நாங்கள் செய்து பார்த்த அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னே வரும். நம் தலைப்பெழுத்தைப் போல 'ங்கோ' முன்னால் நிற்கிறது, அழைக்கும் பெயர் 'வான்'. 1979-இல் மெக்கோங் கழிமுகப் பகுதியில் பிறந்த அவர், பத்து வயதில் நார்வேக்குச் சென்று அங்கே வளர்ந்தார். பின்னர் தாயகம் திரும்பி அழகிப் போட்டி, விளம்பரம், பாட்டு என்று பல வாசல்களைத் தட்டிய பிறகே திரைக்கு வந்தார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைப் படங்களிலேயே காணலாம்.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் வரைந்து, நடிகை, தயாரிப்பாளர், இயக்குநர் என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுப்பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு ஒரே தாவலில் போனதாக நினைத்தால், இவருடைய பாதையின் முக்கியமான பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

முதல் நாள் 2007-இல் வந்த 'த ரெபெல்' படத்தில் தொடங்குங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நடக்கும் கதை. இயக்கியவர் சார்லி நுயென். இதில் வான் நடிகை மட்டுமே. சண்டைக் காட்சி ஒன்றைத் தேர்ந்து, ஒருமுறை ஒலியுடனும் ஒருமுறை ஒலியை நிறுத்தியும் பாருங்கள். அடி விழும் கணத்தில் கேமரா விலகி நிற்கிறதா, வேறு ஷாட்டுக்கு மாறும் படத்தொகுப்பு வெட்டு விழுகிறதா, நடிகையின் முகமும் உடலும் ஒரே சட்டகத்தில் வருகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில் வில்லனாக வரும் டஸ்டின் நுயெனும் நடிகராக இருந்து இயக்குநரானவர்தான். அவர் இயக்கி 2013-இல் வெளியான படத்தில் வானும் நடித்தார். உடன் நடித்தவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதை அருகிலிருந்தே அவர் பார்த்திருக்கிறார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது 2016-இல் அவர் முதன்முதலாக இயக்கிய 'தம் காம்'. சிற்றன்னை கொடுமைக்கு ஆளாகும் பெண்ணைப் பற்றி வியட்நாமியக் குழந்தைகள் எல்லோரும் கேட்டு வளரும் நாட்டுப்புறக் கதையே இதற்கு மூலம். புகழ்பெற்ற நடிகை ஒருவர் தன் முதல் படத்தில் தனக்கென்று எந்த வேடத்தை எடுத்துக்கொள்வார் என்று படம் தொடங்கும் முன் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். வான் எடுத்துக்கொண்டது சிற்றன்னை வேடம். நாயகியை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததைக் கணக்கு என்றும் சொல்லலாம், பெருந்தன்மை என்றும் சொல்லலாம். எனக்கு அது இயக்குநரின் முடிவாகவே படுகிறது.

நடுப்பத்திக்கு உரிய படம் 2017-இல் வந்த 'த டெய்லர்'. சைகோனில், வியட்நாமின் மரபு உடையான ஆவோ ஸாய் தைக்கும் குடும்பத்தின் கதை. வான் இதைத் தயாரித்துத் தாயாகவும் நடித்தார். இயக்கியவர்கள் வேறு இருவர். நெசவு ஊர்க்காரர்களான நமக்குத் துணியின் மேல் கண் தானாகவே போகும், போகட்டும். ஆனால் உடை, அரங்கம், நிறம் ஆகியவற்றுக்குப் பணம் எங்கே செலவாகியிருக்கிறது என்று பாருங்கள், தயாரிப்பாளரின் கை தெரியும்.

இரண்டாம் வாரத்துக்கு 2019-இன் 'ஃபியூரி'யையும் அதன் முற்கதையான 'ஃபியூரீஸ்' படத்தையும் ஒதுக்குங்கள். முதலாவதை லே வான் கியெட் இயக்க, வான் தயாரித்து நடித்தார். கடத்தப்பட்ட மகளைத் தேடிச் சைகோனுக்கு ஓடும் தாயை விட்டுக் கேமரா அதிகம் விலகுவதே இல்லை. இரண்டாவது 2022 இறுதியில் வியட்நாமிலும் 2023-இல் நெட்ஃப்ளிக்ஸிலும் வெளியானது, இயக்கியவர் வான். இங்கே அவர் மூன்று இளம்பெண்களுக்குச் சண்டை கற்றுத்தரும் தலைவியாக ஓரம் ஒதுங்கி, நடுவிடத்தை அவர்களுக்குத் தருகிறார். முன்பு தன் உடலால் செய்ததை இப்போது பிறர் உடல்களைக் கொண்டு செய்விக்கிறார். இரு படங்களிலிருந்தும் ஒவ்வொரு சண்டையை எடுத்து, அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வன்முறை கடுமையாக இருப்பதால் சிறுவர்களைச் சேர்க்க வேண்டாம்.

வீட்டுச் சந்தாவைக் கொண்டு மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திரையிடுவது முறையன்று. அதற்குத் தனி உரிமம் தேவை. வீட்டுக் கூடமே போதும். ஏற்காட்டுக் குளிரில் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால், சேலத்திலேயே தரவிறக்கிக்கொண்டு மலையேறுங்கள். நாங்கள் அப்படிச் செய்யாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனோம். மேகம் இறங்கியதும் இணைப்பும் போய்விட்டது; படம் பாதியில் நிற்க, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு இரவைக் கழித்தோம்.

மலையேறும் வழியில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திறக்கலாம். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1956-இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் நாயகி பி. பானுமதி. நடிகையாகப் பெயர் பெற்று, கணவருடன் பரணி நிறுவனத்தைத் தொடங்கிப் படங்கள் தயாரித்து, 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் இயக்கிய பிறகே அவர் இந்தப் படத்தில் சுந்தரத்தின் இயக்கத்தில் நடித்தார். அதே மூன்று பத்திகளை அவர் பெயரின் கீழும் வரையுங்கள். முதல் வரியை அலிபாபாவிலிருந்து எழுதலாம்.