ஊட்டி மலை ரயில்: டிக்கெட் முதலில், விமானம் அப்புறம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பட்டியலில் ஊட்டி ரயில் எப்போதும் இருக்கும், ஆனால் கடைசி வரியில் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில், பட்டுப்புடவைக் கடை எல்லாம் முடிந்து மிச்சமாகும் இரண்டு நாளில் "அப்படியே மலை ரயிலில் ஏறிவிட்டு வரலாம்" என்று நினைப்பார்கள். அந்த இரண்டு நாளில் இடம் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரே வண்டி, கீழே இறங்கவும் ஒரே வண்டி. அதிலும் சின்னச் சின்னதாக மூன்று நான்கு பெட்டிகள். குளிர்கால விடுமுறையிலும் மே மாதத்திலும் பதிவு திறந்த சூட்டோடு காலியாகிவிடும். அதனால் இந்த ரயில் வேண்டும் என்று மனதில் பட்டுவிட்டால், மற்ற எல்லா நாள்களையும் இந்த ஒரு நாளைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும்.

முதலில் எந்தப் பகுதிக்கு டிக்கெட் எடுப்பது என்று தெளிவாகிவிடுவோம். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இதில் பாதி தூரத்துக்கும் மேலான மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஊட்டி வரை 1908-இல்தான் நீட்டினார்கள். நீராவி இன்ஜின் ஓடுவது குன்னூர் வரைதான். அதற்கு மேல் டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள். "ஊட்டி ரயிலில் போனேன்" என்று சொல்கிற பலர் குன்னூர்–ஊட்டி டீசல் வண்டியில் போய் வந்தவர்கள். அதுவும் அழகான பயணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய ரயிலை அதன் முழு உழைப்போடு பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏற வேண்டும்.

ஏன் அந்தப் பகுதிக்கு இவ்வளவு முக்கியத்துவம்? இலங்கையில் கண்டி–பதுளை பாதையில் போனவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அங்கே செங்குத்தான இடத்திலும் 44 அடி போனால் ஓர் அடி ஏற்றம். இங்கே கல்லாறு நிலையம் தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. வெறும் இரும்புச் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் வரும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் இதைப் பற்றிக்கொண்டே ஏறும், ஒரு கணமும் பிடி நழுவாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு வெளிவரும் நீராவியை வீணாக்காமல் இன்னொரு ஜோடி சிலிண்டருக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது என்பதால் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்க மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் பச்சை, சிவப்புக் கொடிகளோடு நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்ட, செய்தி கைமாறிக் கைமாறி இன்ஜினுக்குப் போய்ச் சேரும். அந்தந்தப் பெட்டியின் கைப்பிரேக்கும் அவர் பொறுப்பில்தான். முதல் வகுப்பு பெரும்பாலும் முன்னால் இருக்கும் பெட்டியில் வரும். எதிரே மறைக்க இன்ஜின் இல்லாததால் பாதை அப்படியே கண்ணுக்கு முன் விரியும். பணம் பொருட்டில்லை என்றால் அதை எடுங்கள். இரண்டாம் வகுப்பும் மோசமில்லை, கொஞ்சம் முட்டி இடிக்கும்.

"பழைய ரயில்" என்பதிலும் ஒரு சிறு விளக்கம் வேண்டும். ஆரம்ப கால எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. இப்போது ஓடுகிறவற்றில் சில, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வடிவத்தில் புதிதாகக் கட்டியவை, நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிபவை. பெட்டிகளிலும் புதியவை வந்திருக்கின்றன. சிலருக்கு இதில் ஏமாற்றம் உண்டு. எனக்கு இல்லை. அருங்காட்சியகத்தில் நிற்கிற அசலைவிட, இங்கே நம் ஆட்கள் கையால் கட்டி தினமும் மலையேறுகிற நகல் மேல். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ரயிலைத்தான்.

சரி, டிக்கெட். இந்திய ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் பயண நாளுக்கு 60 நாள் முன்பு, இந்திய நேரம் காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். சிங்கப்பூரில் அப்போது காலை பத்தரை, லண்டனில் நடுநிசி தாண்டி இரண்டரை அல்லது மூன்றரை, டொராண்டோவில் முந்தைய நாள் இரவு. ஆனால் அலாரம் வைத்து எழுந்தாலும் பயன் இருக்குமா என்பது வேறு கதை. 2025 முதல், பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் இணைத்த கணக்குகளுக்கு மட்டுமே அனுமதி. கடைசி நேரப் பதிவான தட்கலும் அப்படித்தான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஆதார் இல்லாமல் இருப்பவர்களுக்கு ஒரே நல்ல வழி, ஊரில் இருக்கும் அத்தை மகனிடமோ தம்பியிடமோ சொல்லி அவர்கள் கணக்கில் எடுப்பது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரில் எடுத்துவிட்டுப் பரிசோதகரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

தளத்தில் தேடும்போது "ஊட்டி" என்று போடாமல் "உதகமண்டலம்" என்று போடுங்கள். மேலே போகக் கிடைக்காவிட்டால் இறங்கும் வண்டியைப் பாருங்கள், அது பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலையில் மேட்டுப்பாளையம் வரும். இறங்கும்போது இன்ஜினுக்கு வேலை குறைவு, அந்த மூச்சிரைப்புச் சத்தமும் குறைவு. ஆனாலும் பாதை அதே பாதைதான். இரண்டுமே இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி இடையே பகலில் சில வண்டிகள் ஓடுகின்றன, இடம் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரச் சொச்சப் பயணமே போதும்.

மேலே போகும் வண்டி காலை 7:10-க்குக் கிளம்பும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையத்திலேயே இறங்கலாம், அங்கே நடைமேடை மாறினால் போதும். சிங்கப்பூர் அல்லது ஷார்ஜாவிலிருந்து நேராகக் கோவையில் இறங்குகிறவர்கள் முந்தின இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். கோவையிலிருந்து விடியற்காலை டாக்ஸி பிடித்தும் வரலாம், தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

வண்டியில் கழிவறை கிடையாது, பெட்டிக்குப் பெட்டி போகவும் வழி கிடையாது. குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். இதை அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். அதில் ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கிக் காலாறலாம், டீ குடிக்கலாம். கையில் வடையோடு நின்றால் குரங்கு பங்குக்கு வரும். பாக்குத்தோப்புகளைத் தாண்டிக் கல்லாறுக்கு மேல் யானை நடமாட்டம் உள்ள காடு, சில நாள் வண்டியே நின்று வழிவிடும். பாதை முழுவதிலுமாக 16 குகைகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள், 208 வளைவுகள். ஒவ்வொரு குகைக்குள்ளும் மொத்த ரயிலும் ஊளையிடும். பெரியவர்களும் சேர்ந்துதான்.

பெரிய சூட்கேஸ்களை ஏற்ற இடமில்லை. இருபத்துமூன்று கிலோ பெட்டிகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள்.

என் யோசனை, ஊட்டி வரை டிக்கெட் எடுக்காமல் குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். பல்சக்கரம் அங்கே முடிகிறது, ஊர் ஊட்டியைவிட அமைதி, சிம்ஸ் பூங்கா இருக்கிறது. ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் சூடான டீயும் இங்கேயே கிடைக்கும். ஒரு நாள் தங்கி, மறுநாள் டீசல் வண்டியில் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போனால் கேத்திப் பள்ளத்தாக்கை நிதானமாகப் பார்க்கலாம்.

எப்போது வருவது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் அடிக்கும். மண் சரிந்து பாதை மூடுவதும் வண்டியை ரத்து செய்வதும் அப்போது சகஜம். ரயில் ரத்தானால் பணம் முழுதாகத் திரும்பும், ஆனால் போன நாள் திரும்பாது. டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் பயணத்தைப் பொங்கலுக்குப் பக்கமாகத் தள்ளி வைத்தால் வானமும் தெளிவாக இருக்கும். ஜனவரி இரவில் ஊட்டியில் உறைபனி விழும், கம்பளி கட்டாயம். கோடையில் மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பேன்.

காரில் மலையேறுகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, பிடித்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

இலங்கை மலையகத்தில் வேர் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல நீலகிரியில் குடியமர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தாத்தாவின் தம்பி குடும்பம் இருப்பதாக வீட்டில் பேச்சு அடிபட்டிருந்தால், கிளம்புவதற்கு முன் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் அதன் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது.