தொடை எலும்பின் மேல்பகுதி முறிவு: திரும்ப நடக்க எனக்கு உதவியவை

தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் பந்துமுனைக்குச் சற்றுக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதியில், முறிந்தால் அந்தப் பந்துமுனைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடலாம். சிலருக்கு இடுப்பு மூட்டையே மாற்றுவது அதனால்தான். எனக்கு அதற்குக் கீழே முறிந்ததால் உள்ளே கம்பி வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று சர்ஜனிடம் கிலோ கணக்கிலேயே கேளுங்கள். 'கொஞ்சமா ஊனலாம்' என்ற பதில் போதவே போதாது. எனக்குச் சொன்னது 20 கிலோ. வாக்கரைப் பிடித்தபடி எடை மெஷினில் அந்தக் காலை வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை அழுத்திப் பழகினால் அளவு பிடிபடும். நடக்கையில் முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், பிறகு நல்ல கால். படியேற நல்ல கால் முந்த வேண்டும், இறங்க அடிபட்டது.

தொடைத் தசை சீக்கிரம் வற்றும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலால் அதை 5 நொடி கீழே அழுத்தி விடுங்கள், 10 முறை. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள்; உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.